சைக்கிளில் இன்ஜின் பொருத்தி 'சாப்பர்' செய்யலாமா? ஆம்பூர் பசங்க தெரிஞ்சுக்க வேண்டிய 25 சிசி கணக்கு

பழைய சைக்கிள் ஒன்று. காயலான் கடையில் கிடைத்த சின்ன இன்ஜின் ஒன்று. தெரிந்த வெல்டிங் பட்டறை. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை. முன்சக்கரம் எங்கோ தள்ளி நிற்க, ஹேண்டில் பார் தோளுக்கு மேலே உயர, சீட் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து இருக்க, படபடவென்று ஒரு 'சாப்பர்' கிளம்புகிறது. யூடியூபிலும் ரீல்ஸிலும் இந்த வகை வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. செலவும் ஒரு புது பைக்கின் முன்பணத்தைவிடக் குறைவு.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் பட்டையில் இதற்கு வேண்டிய எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தோல் ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்த்தே கை தேர்ந்த லேத் பட்டறைகள், வெல்டர்கள், சீட் தைக்கத் தோல், அதைத் தைக்கத் தெரிந்த கைகள். ஆசை வந்தால் தடுப்பது எதுவும் இல்லை.

ஆனால் இரண்டு கேள்விகளுக்கு வீடியோவில் பதில் இருக்காது. வண்டியை நிறுத்த முடியுமா? ரோட்டில் யார் மேலாவது மோதினால் யார் பொறுப்பு? இந்த இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: இன்ஜினின் அளவில். அதுவும் 25 சிசி என்ற கோட்டில்.

சாப்பர் என்றால் என்ன? அதை ஏன் சைக்கிளில் செய்கிறார்கள்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பெரிய மோட்டார் சைக்கிள்களை வாங்கியவர்கள், தேவையில்லை என்று பட்ட பாகங்களையெல்லாம் வெட்டி எறிந்தார்கள். மட்கார்டு, கனமான சீட், அலங்காரங்கள் எல்லாம் போயின. வெட்டுவதால்தான் 'சாப்பர்' என்று பெயர். பிறகு முன் ஃபோர்க்கை நீட்டினார்கள், ஹேண்டில் பாரை உயர்த்தினார்கள். 1969-ல் வெளியான 'ஈஸி ரைடர்' திரைப்படம் அந்தத் தோற்றத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

இந்தியாவில் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் தேடுவது ஒரு பழைய புல்லட்டை. அங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து ஆர்.சி. புக்கில் உள்ளவை மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாமல் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு சொல்கிறது.

"சரி, பைக்கைத் தொட்டால்தானே பிரச்சினை? சைக்கிளுக்கு ஆர்.சி. புக்கே கிடையாதே!" இப்படி யோசித்துத்தான் பலரும் சைக்கிள் பக்கம் வருகிறார்கள். இந்த யோசனை பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

எல்லாமே சைக்கிளில்தான் தொடங்கியது

சைக்கிளில் இன்ஜின் வைப்பது கிறுக்குத்தனம் இல்லை. உலகின் பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனங்கள் சில அப்படித்தான் பிறந்தன.

1901-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வில்லியம் ஹார்லி என்ற இளைஞர், சாதாரண சைக்கிளில் பொருத்துவதற்காக ஓர் இன்ஜினை வரைந்தார். அளவு சுமார் 116 சிசி. நண்பர் ஆர்தர் டேவிட்சனோடு சேர்ந்து 1903 வாக்கில் அதைச் செய்து முடித்தார். வண்டி ஓடியது. ஆனால் ஊரைச் சுற்றியிருந்த மேடுகளில் பெடல் மிதிக்காமல் ஏறவில்லை. அடுத்த முயற்சியில் அவர்கள் செய்தது முக்கியமானது. சுமார் 405 சிசியில் பெரிய இன்ஜின் செய்தார்கள்; கூடவே சைக்கிள் ஃபிரேமைக் கைவிட்டு, அந்த இன்ஜினுக்கென்றே புது ஃபிரேமும் செய்தார்கள். இன்றைய ஹார்லி டேவிட்சனுக்கு வித்து அந்த இரண்டாவது வண்டிதான்.

அந்தக் காலத்து வண்டிகளில் இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோனது எது தெரியுமா? தோல் பெல்ட். மழையில் நனைந்தால் வழுக்கும், வெயிலில் தளரும். பிறகுதான் செயின் முழுமையாக அந்த இடத்தைப் பிடித்தது. மோட்டார் சைக்கிளின் வரலாற்றில் தோலுக்கு சீட்டைத் தாண்டியும் ஓர் இடம் உண்டு.

ஜப்பானிலும் இதே கதை. போரில் நொறுங்கிப்போன நாட்டில் பஸ்ஸும் ரயிலும் பிதுங்கி வழிந்தன. 1946-ல் சோய்சிரோ ஹோண்டா, ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சின்ன ஜெனரேட்டர் இன்ஜின்களைப் பார்த்தார். அவற்றைச் சைக்கிளில் பொருத்தினார். முதல் மாதிரிக்குப் பெட்ரோல் டேங்க், வீட்டில் இருந்த வெந்நீர்க் குப்பி! கையிருப்பில் இருந்த சுமார் 500 இன்ஜின்களும் தீர்ந்த பிறகு, 1947-ல் சொந்தமாக 50 சிசி இன்ஜின் செய்தார். 1949-ல் 98 சிசி 'ட்ரீம்' வந்தபோது அதற்குத் தனி ஃபிரேம் இருந்தது. சைக்கிள் ஃபிரேமை அவரும் விட்டுவிட்டார்.

இரண்டு கதையிலும் பாடம் ஒன்றுதான். இன்ஜின் பெரிதானால் ஃபிரேம் மாற வேண்டும். ஃபிரேம் சைக்கிளாகவே இருக்க வேண்டுமென்றால், இன்ஜின் சின்னதாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது வழியில் போய் ஜெயித்தவர்களும் உண்டு. 1946-ல் பிரான்சில் விற்பனைக்கு வந்த 'வெலோசோலெக்ஸ்' வண்டியில், முன்சக்கரத்தின் மேலே உட்கார்ந்த சின்ன இன்ஜின் ஒரு உருளையை டயரில் அழுத்திச் சுழற்றும். செயின் இல்லை, கியர் இல்லை. மெதுவாகத்தான் போகும். ஆனால் பல பத்தாண்டுகள் பிரான்ஸ் முழுக்க ஓடியது.

நம்ம நெடுஞ்சாலையிலேயே இரண்டு பாதைகள்

இந்த இரண்டு வழிகளையும் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையே போதும்.

1972-ல் புனேயின் கைனடிக் நிறுவனம், இத்தாலியின் பியாஜியோ வடிவமைப்பில் 'லூனா'வைக் கொண்டுவந்தது. பெடல், 50 சிசி இன்ஜின், எடை குறைந்த உடம்பு. சைக்கிளில் போய்க்கொண்டிருந்த நடுத்தரக் குடும்பத்துக்கு அது முதல் மோட்டார் வண்டி.

1980-ல் ஓசூரில் 'டிவிஎஸ் 50' பிறந்தது. பெடல் இருந்தாலும் இரண்டு பேர் உட்காரும்படி செய்யப்பட்ட மொபெட். பால் கேன், தேங்காய் மூட்டை, காய்கறிக் கூடை என்று தமிழ்நாடு அதன் மீது ஏற்றாத சுமையே இல்லை. அதைத் தாங்கியது இன்ஜின் மட்டுமல்ல. அந்தச் சுமைக்கென்றே போட்ட ஃபிரேமும், டிரம் பிரேக்கும், தடித்த டயரும். ஹார்லியின் இரண்டாவது வண்டி போன பாதை இது.

அதே காலத்தில் புல்லட் தயாரித்த என்ஃபீல்டு இந்தியா நிறுவனமும் சின்ன வண்டிகளில் இறங்கியது. 25 சிசிக்குள் அடங்கிய 'மோஃபா' என்ற மொபெட்டை விற்றது. ஏறக்குறைய பெடல் சைக்கிளின் அண்ணன் மாதிரி இருக்கும். ஜெர்மனியின் சுண்டாப் நிறுவனத் தொழில்நுட்பத்தில் 'சில்வர் பிளஸ்', 'எக்ஸ்ப்ளோரர்' என்ற 50 சிசி வண்டிகளையும் கொண்டுவந்தது. அந்தச் சின்ன வண்டிகளுக்காக அமைந்த ஆலை எங்கே? நம்ம ராணிப்பேட்டையில்.

ஆக, சின்ன இன்ஜினும் சைக்கிள் உடம்பும் ஒரு பாதை. பெரிய இன்ஜினும் புது உடம்பும் இன்னொரு பாதை. வீட்டில் சாப்பர் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது, இரண்டுக்கும் நடுவே நிற்கும்போதுதான்: பெரிய இன்ஜின், சைக்கிள் உடம்பு.

25 சிசி: சட்டம் போட்ட கோடு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, 'மோட்டார் வாகனம்' எது என்று வரையறுக்கிறது. நான்கு சக்கரத்துக்குக் குறைவாக இருந்து, இன்ஜின் 25 சிசிக்கு மேற்படாமல் இருந்தால், அது மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள்ளேயே வராது. அதாவது பதிவெண், லைசென்ஸ், கட்டாய இன்சூரன்ஸ் போன்ற விதிகள் அதைத் தொடாது.

25-ஐத் தாண்டி 26 ஆனாலும் கதை மாறிவிடும். பெடல் இருக்கிறது, சைக்கிள் கடையில் வாங்கியது, மெதுவாகத்தான் ஓட்டுகிறேன் என்பதெல்லாம் செல்லாது. சட்டத்தின் பார்வையில் அது பதிவு செய்யப்படாத மோட்டார் வாகனம்.

"அப்போ பதிவு பண்ணிட்டா போச்சு" என்றால், அதுவும் சுலபமில்லை. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மாடலின் மாதிரி வண்டியும், மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சோதிக்கப்பட வேண்டும். சென்னை அருகே ஒரகடத்தில் அப்படியொரு மையம் இருக்கிறது. பிரேக், புகை, விளக்கு, சத்தம் என்று அத்தனை சோதனைகளும் ஒரு தொழிற்சாலை ஆயிரக்கணக்கில் தயாரிக்கப்போகும் மாடலுக்கானவை. வீட்டில் செய்த ஒற்றை வண்டி அந்த வழியாகப் போய் நம்பர் பிளேட் வாங்குவது நடைமுறையில் நடக்காத காரியம்.

நம்பர் இல்லை என்றால் இன்சூரன்ஸ் இல்லை. இங்கேதான் விஷயம் அபராதத் தொகையைத் தாண்டிப் போகிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய், இன்சூரன்ஸ் இல்லை என்றால் முதல் முறை 2,000 ரூபாய் என்று சட்டத்தில் இருப்பதைக் கட்டிவிட்டு வந்துவிடலாம். ஆனால் ரோட்டைக் கடக்கும் ஒருவர் மேல் மோதி அவருக்குக் கை கால் போனால், இழப்பீட்டைக் கொடுக்க இன்சூரன்ஸ் நிறுவனம் வராது. அந்தத் தொகை வண்டிக்காரரின் சம்பளத்திலிருந்தோ, அப்பாவின் வீட்டிலிருந்தோதான் வர வேண்டும்.

18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஓட்டினால் இன்னும் சிக்கல். 16 வயதானவர்கள் 50 சிசி வரை ஓட்டலாம் என்று சட்டம் அனுமதித்தாலும், அதற்கும் லைசென்ஸ் வேண்டும், வண்டிக்குப் பதிவும் வேண்டும். சிறுவர் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று 199ஏ பிரிவு சொல்கிறது.

எந்த இன்ஜின் கோட்டுக்கு உள்ளே, எது வெளியே?

வீடியோக்களில் பொதுவாக மூன்று வகை இன்ஜின்கள் வருகின்றன.

முதல் வகை, காயலான் கடையில் கிடைக்கும் பழைய மொபெட் இன்ஜின். டிவிஎஸ் 50 என்றால் கிட்டத்தட்ட 50 சிசி, பிறகு வந்த எக்ஸ்எல் சூப்பர் என்றால் ஏறக்குறைய 70 சிசி. இரண்டுமே கோட்டுக்கு வெளியே. இன்னொரு வில்லங்கமும் உண்டு. இன்ஜினில் அடித்திருக்கும் நம்பர் யாரோ ஒருவருடைய ஆர்.சி. புக்கில் இருக்கும். அந்த வண்டி திருடு போனதா, வழக்கில் மாட்டியதா என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. போலீஸ் மடக்கினால் முதலில் பார்ப்பது அந்த நம்பரைத்தான்.

இரண்டாவது வகை, ஆன்லைனில் பெட்டியோடு வரும் சீன 'கிட்'. சைக்கிள் ஃபிரேமின் நடு முக்கோணத்தில் உட்காரும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் இது. 49 சிசி என்றும் 80 சிசி என்றும் விற்பார்கள். 80 என்று எழுதியிருப்பதன் உண்மையான அளவு பெரும்பாலும் 66 சிசி. எப்படிப் பார்த்தாலும் கோட்டுக்கு வெளியே.

மூன்றாவது, விவசாயிகள் பயன்படுத்தும் புல் வெட்டும் இயந்திரத்தின் இன்ஜின். இதில்தான் 25 சிசி கிடைக்கிறது. உதாரணத்துக்கு, ஹோண்டாவின் ஜிஎக்ஸ்25 என்ற ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் சரியாக 25 சிசி. சுமார் 1 குதிரைத்திறன் தரும். அதன் அண்ணன் ஜிஎக்ஸ்35 கிட்டத்தட்ட 36 சிசி. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சட்டப்படி வேறு வண்டி. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல புல் வெட்டும் இயந்திரங்கள் 43 அல்லது 52 சிசி. வாங்கும்போது இன்ஜின் தகட்டைப் படிப்பதும், அளவு எழுதிய பில்லைப் பத்திரமாக வைப்பதும் முக்கியம்.

1 குதிரைத்திறன் போதுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சமதளத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து 25 கி.மீ. வேகத்தில் போக, சுமார் 175 வாட் போதும். 1 குதிரைத்திறன் என்பது 746 வாட். தாராளம். ஆனால் வேகத்தை இரண்டு மடங்காக்கினால், காற்றைத் தள்ள மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். 50 கி.மீ. வேகத்துக்கு 1,000 வாட்டைத் தாண்டிவிடும். ஆகவே 25 சிசி இன்ஜின் தன்னாலேயே ஒரு வேகக் கட்டுப்பாடு.

வேகத்தைத் தீர்மானிப்பதில் பற்சக்கரங்களுக்கும் பங்கு உண்டு. 26 இன்ச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.07 மீட்டர் நகரும். 25 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு 201 முறை சுற்றும். இன்ஜின் 7,000 சுற்று சுற்றும்போது சக்கரம் 201 சுற்ற வேண்டுமென்றால், இடையில் 35-க்கு 1 என்ற அளவில் குறைக்க வேண்டும். ஒற்றைச் செயினில் இது முடியாது. இரண்டு கட்டமாகக் குறைக்க வேண்டும். சோலெக்ஸ் மாதிரி உருளை வைத்தால் வேலை எளிது. 25 மி.மீ. விட்டமுள்ள உருளை 7,000 சுற்றில் வண்டியை 33 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோகும். மழையில் வழுக்கும், டயர் சீக்கிரம் தேயும். ஆனால் ஃபிரேமையோ சக்கரத்தையோ கிழிக்காது.

ஃபிரேம் எங்கே உடையும்?

நம்ம ஊர் 22 இன்ச் சைக்கிள் மூட்டை சுமக்கும். அதனால் இன்ஜினையும் தாங்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மூட்டை கீழ்நோக்கி அழுத்துகிறது. இன்ஜினோ விடாமல் அதிர்கிறது. இரும்பு ஒரே அடியில் உடைவதைவிட, லட்சக்கணக்கான சின்ன அதிர்வுகளில் மெல்ல விரிசல் விட்டு உடைவதுதான் அதிகம்.

பழைய கனமான சைக்கிள்களில் குழாய்கள் சந்திக்கும் இடத்தில் இரும்புக் கூடு இருக்கும். அதற்குள் குழாயைச் செருகிப் பித்தளை உருக்கி ஒட்டியிருப்பார்கள். அதன் மேல் சாதாரண ஆர்க் வெல்டிங் போட்டால் பித்தளை உருகி வெல்டுக்குள் கலக்கும். வெளியே அழகாகத் தெரியும் அந்த வெல்டு, உள்ளே விரிசலோடு இருக்கும். அந்த இடங்களைத் தொடாமல் விடுவதே நல்லது.

கிட்டோடு வரும் ஒரு தகட்டைப் பொருத்த, ஃபிரேம் குழாயில் துளை போடச் சொல்வார்கள். போடவே கூடாது. குழாயின் சுவர் மெல்லியது. துளையிட்ட இடத்திலிருந்தே விரிசல் கிளம்பும். அதற்குப் பதில், குழாயைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்பும் நடுவில் கனத்த ரப்பரும் போதும்.

சாப்பரின் அழகே நீட்டிய முன் ஃபோர்க்தான். ஆபத்தும் அங்கேயேதான். ஃபோர்க் நீளமானால் அது நெம்புகோல் மாதிரி. பள்ளத்தில் சக்கரம் இடிக்கும்போது, அந்த அடி பல மடங்காகி ஹேண்டில் செருகியிருக்கும் தலைக்குழாயில் போய்ச் சேரும். அங்கே உடைந்தால் ஓட்டுகிறவர் முகம் குப்புறத்தான் விழுவார். ஃபோர்க் சாய்வு கூடக் கூட, மெதுவாகப் போகும்போது சக்கரம் ஒரு பக்கம் சரியும். ஆம்பூர் பஜார் மாதிரி நெரிசலில் திருப்புவது பெரும்பாடு. சாதாரண ஃபோர்க்கின் காலில் ஜிஐ பைப்பை ஒட்டி நீட்டுவது, இந்த வேலையில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். தோற்றம்தான் வேண்டும் என்றால் உயர்ந்த ஹேண்டில் பாரும் பின்னால் தாழ்ந்த நீள சீட்டும் போதும். ஃபோர்க்கைத் தொடாமலே முக்கால்வாசி சாப்பர் வந்துவிடும்.

பின்சக்கரத்தில் இன்னொரு பலவீனம். கிட்டில் வரும் பெரிய பற்சக்கரத்தை ரப்பர் வளையம் வைத்து ஸ்போக் கம்பிகளிலேயே இறுக்குவார்கள். கம்பிகள் தளர்ந்து பற்சக்கரம் ஆடினால் செயின் கழன்று சக்கரத்தில் சிக்கும். ஓடும் வண்டியின் பின்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொள்ளும். பற்சக்கரத்தை ஹப்பில் பிடிக்கும்படி லேத்தில் ஒரு வளையம் கடைந்துகொள்வதுதான் சரியான வழி. இந்தப் பகுதியின் பட்டறைகளுக்கு அது அரை நாள் வேலை.

நிற்குமா?

வண்டி கிளம்பிடும். நிற்குமா என்பதுதான் கேள்வி.

சைக்கிளை மிதிக்கும் வேகம் மணிக்கு 15 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் அதை 45 ஆக்கினால் வேகம் மூன்று மடங்கு. ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்பது மடங்கு. ஒரு சுமாரான சைக்கிள் பிரேக், 15 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியை ஏறத்தாழ 3 மீட்டரில் நிறுத்தினால், அதே பிரேக் 45 கி.மீ. வேகத்தில் 26 மீட்டர் எடுத்துக்கொள்ளும். பிரேக்கைப் பிடிக்கக் கை போவதற்குள் ஒரு விநாடி ஆனால், அதில் இன்னொரு 12 மீட்டர் போய்விடும். மொத்தம் 38 மீட்டர். மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்தும் நீளம்.

அதுவும் காய்ந்த ரோட்டில். ராடு பிரேக் உள்ள பழைய சைக்கிள்களில் ரப்பர் கட்டை பளபளக்கும் இரும்பு ரிம்மில் உரசுகிறது. மழையில் நனைந்தால் அந்தப் பிடி பெருமளவு போய்விடும். ஆகவே செலவு செய்வதென்றால் முதலில் பிரேக்குக்கு. முன்சக்கரத்துக்கு மொபெட்டின் டிரம் பிரேக் ஹப், அல்லது சைக்கிளுக்கான நல்ல டிஸ்க் பிரேக் அமைப்பு. டிஸ்க் வைத்தால் ஃபோர்க்கும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். சட்டம் அளப்பது இன்ஜினின் கொள்ளளவை. வீட்டு வண்டியின் பிரேக்கை யாரும் அளப்பதில்லை. 25 சிசிக்கு உள்ளே இருந்தால் போலீஸ் கேஸ் வராமல் போகலாம்; விபத்து வராமல் போகாது. ஹெல்மெட் கட்டாயமா இல்லையா என்ற கேள்விக்கும் இதேதான் பதில்: சட்டம் கேட்காவிட்டாலும் தலை கேட்கும்.

சீட்டுக்கு எந்தத் தோல்?

இதில் ஆம்பூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் வெளியூர்க்காரர்களுக்காக: ஷூவின் மேல் பகுதிக்கு வரும் குரோம் பதனிட்ட தோல் மென்மையானது, இழுபடும். நுரை வைத்த சீட்டின் மேலே போர்த்த நல்லது. நுரை இல்லாமல் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டும் பழைய பாணி சீட்டுக்கு, மரப்பட்டைச் சாறில் பதனிட்ட தடித்த தோல் வேண்டும். ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்டார்கள். அந்த வகைத் தோல்தான் உட்கார உட்கார ஆளின் உடம்புக்கு வடிவம் பிடிக்கும், ஆனால் தொய்ந்து போகாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தோலும் நுரையும் சைலன்சரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

மின்சார மோட்டார் போட்டால்?

இன்றைக்கு இதே ஆசையை நிறைவேற்ற இன்னொரு வழியும் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிட சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் 25 கி.மீ.க்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும், சரியான பிரேக்கும் முன்னும் பின்னும் ரிஃப்ளெக்டரும் இருந்தால், அந்த வண்டியும் மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. சமதளத்துக்கு 175 வாட் போதும் என்று மேலே பார்த்தோம். ஹப்பிலேயே மோட்டார் வந்துவிடுவதால் செயின் சிக்கும் பயமில்லை, அதிர்வு இல்லை, புகை இல்லை. ராணிப்பேட்டையில் 2021 முதல் மின் ஸ்கூட்டர் ஆலையே ஓடுகிறது. ஊருக்கு இது புதுசு இல்லை.

ஆனால் பேட்டரி விஷயத்தில் விளையாட்டே கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அப்பாவும் மகளும் உயிரிழந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து, செல்களைக் கோத்துப் புது பேட்டரி செய்யச் சொல்லும் வீடியோக்களை நம்பவே கூடாது. பாதுகாப்புச் சுற்று உள்ள தரமான பேட்டரி, அதற்கென்றே வந்த சார்ஜர், படுக்கும் அறைக்கும் வெளியேறும் வழிக்கும் அப்பால், கண் பார்வையில் சார்ஜ். இதில் மிச்சம் பிடிக்கும் ஆயிரம் ரூபாய்க்கு மதிப்பே கிடையாது.

செய்வதென்றே முடிவு செய்தால்

- இன்ஜின் என்றால் 25 சிசி வரை; மோட்டார் என்றால் 250 வாட்டுக்குள். அளவு எழுதிய பில்லும் தகடும் பத்திரம்.

- பழைய வண்டி இன்ஜின் வேண்டாம். நம்பர் அடித்த இன்ஜினோடு வேறொருவரின் வில்லங்கமும் வரும்.

- முதலில் பிரேக், அப்புறம் இன்ஜின். இன்ஜின் இல்லாமலே மேட்டிலிருந்து உருட்டி, நின்று பார்த்த பிறகே அடுத்த வேலை.

- ஃபிரேமில் துளை போட வேண்டாம், பித்தளை மூட்டில் வெல்டு வேண்டாம், ஃபோர்க்கை நீட்ட வேண்டாம்.

- ஆக்சிலரேட்டர் ஒயர் சிக்கினாலும் இன்ஜின் அணைய, கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு கில் ஸ்விட்ச்.

- முதல் 100 கி.மீ.க்கு ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் நட்டு, போல்ட்டு, ஸ்போக், தலைக்குழாய் எல்லாம் சோதனை. பெயின்டில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தாலும் அது விரிசலாக இருக்கலாம்.

- நான்கு வழிச் சாலை வேண்டாம். கன்டெய்னர் லாரிகள் 80 கி.மீ. வேகத்தில் போகும் நெடுஞ்சாலையில், 25 கி.மீ. வேகத்தில் தரையோடு தாழ்ந்து போகும் வண்டி டிரைவரின் கண்ணுக்கே தெரியாது. ஊர்ச் சாலை, ஏரிக்கரைப் பாதை, காலேஜ் மைதானம் போதும்.

கூடுதல் வேகமும், பின்னால் ஒரு ஆளும், நெடுஞ்சாலையும் வேண்டும் என்றால் அது வேறு ஆசை. அதற்கு நம்பர் பிளேட்டோடும் இன்சூரன்ஸோடும் வருகிற பழைய மொபெட் ஒன்றை அப்படியே வாங்கி, இன்ஜினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொள்வதே மலிவு. வெல்டிங், லேத், தோல் தையல் என்று மூன்றையும் கற்க ஆசைப்படுபவர்களுக்கு 25 சிசியே போதும்.